மூன்றாவது கியரில் ஒரு வீடு

அந்த வீடு முதன்முதலாகப் புறப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. மூன்றாவது கியரில், மணிக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில். தெருவில் நின்றவர்களுக்கு அது இருந்த இடத்திலேயேதான் இருந்தது. முன்னறை ஜன்னலின் திரை மட்டும், தெருவில் ஓர் இலைகூட அசையாத நேரத்தில், பின்பக்கமாகப் படபடத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மனைவி கையெல்லாம் கிரீஸோடு ஜன்னலருகே நின்றாள். எதிர்வீட்டு மதில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வயல் போயிற்று, அதற்குப் பின்னால் ஒரு செங்கல் சூளை, அதற்கும் பின்னால் மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துபோன ஒரு மனிதர்.

"ஏங்க, நாம எங்கயோ போயிட்டிருக்கோம்" என்றாள் அவள்.

கணவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "பைபாஸ் போடறதுக்கு முன்னாடி இருந்த ரோடு இது. இன்னும் கொஞ்ச தூரத்துல ஒரு பள்ளம் வரும், பாத்திரத்தப் பிடிச்சுக்கோ."

அவள் சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பள்ளம் வந்துவிட்டது. இரண்டு டம்ளர்களும் ஒரு கண்ணாடி ஜாடியும் போயின.

கணவரை ஊரில் எல்லாரும் ஸ்டாப்பிங் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே வாடகைக் காரை ஓட்டியவர். சாலையோரம் எந்தக் கை நீண்டாலும் அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். வண்டியில் இடம் இருக்கிறதா, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற சவாரி முகத்தைச் சுளிக்கிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார். கிண்டலுக்கு மற்ற டிரைவர்கள் வைத்த பெயர் நாளடைவில் மரியாதையாகி, கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படியே எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மனைவிக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை. வண்டிகளின் செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் பிரித்து, எரிந்துபோன செப்புக் கம்பிக் காயிலை உருவி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பாள். லாரிக்காரர்கள் அவளை டைனமோக்காரி என்பார்கள், முகத்துக்கு நேரே டைனமோ அக்கா. அவள் கட்டின காயில் எரிந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. கணவரின் நுரையீரல்தான் திரும்பத் திரும்ப ரிப்பேருக்கு வந்தது. கல்குவாரிச் சாலை, சிமெண்ட் ஆலைச் சாலை, சூளைச் சாலை என்று எல்லாத் தூசியையும் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டிக் குடித்தவர் அவர். கண்ணாடியை ஏற்றுங்கள் என்று அவளும் இருபது வருடம் சண்டை போட்டிருக்கிறாள். கடைசியில் ஒரு நாள் மூச்சு நின்று நின்று வந்தது, காரை விற்றார்கள், டாக்டர் ஒரு பெட்டியை எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பெட்டி அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, வடிகட்டி, ஆக்ஸிஜனை மட்டும் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். இரவும் பகலும் உர் உர் என்று ஒரு சத்தம். அதற்கு வேண்டியதெல்லாம் மின்சாரம் மட்டுந்தான். அது நின்றுவிட்டால் ஐந்து நிமிடம் வரை கணவரின் உதடு சிவப்பாக இருக்கும், அதற்கு மேல் ஓரத்திலிருந்து நீலம் ஏற ஆரம்பிக்கும். இதை அவள் கடிகாரத்தை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள், ஏனென்றால் அந்தக் கோடையில்தான் மின்வெட்டு தொடங்கியது. முதலில் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு, பிறகு ஆறு. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும்? ஊரில் ஜெனரேட்டர் விற்கிற கடைகளில் எல்லாம் விற்றுப்போய், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். மூன்று மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லி யாரிடம் சொல்வது?

"அடுத்தவங்க வண்டிக்கெல்லாம் கரண்ட் குடுக்கறவ வீட்ல கரண்ட் இல்லயாம்" என்று பக்கத்து வீட்டில் இருந்த நாத்தனார் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். நாத்தனாருக்கு வாய் அப்படி. அண்ணன்மேல் உயிர். அந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவருக்குக் கோபம் ஒன்றுதான் வழியாக இருந்தது.

ஜெனரேட்டரைத் தானே செய்துவிடலாம் என்று டைனமோக்காரி மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரருக்கு ஒரு முறை உண்டு. எந்தச் சாமானைக் கேட்டாலும், அது எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டி எப்படி வாழ்ந்தது, எதனால் செத்தது என்று சொல்லி முடித்த பிறகுதான் கையில் கொடுப்பார். கேட்கப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சாமான் இல்லை. அவளும் ஒரு கவிழ்ந்த டயர்மேல் உட்கார்ந்து கேட்டாள். ரேடியேட்டர், மலைக்குப் போய் வந்துகொண்டிருந்த மினி பஸ்ஸுடையது. ஒரு தடவைகூடக் கொதித்ததில்லை. சைலன்சர் ஒரு பள்ளிக்கூட வேனுடையது. பிள்ளைகளின் தூக்கம் கலையக் கூடாது என்று அந்த டிரைவர் ஓயாமல் அதற்கு ஒட்டுப் போட்டு வைத்திருந்தாராம். பெட்ரோல் டேங்க் ஓர் ஆட்டோவுடையது, டைனமோ ஒரு லாரியுடையது. இன்ஜின் மட்டும் இல்லையே என்று அவள் எழுந்தபோது, கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கொல்லைப்பக்கம் கூட்டிப் போய் ஒரு தார்ப்பாயை விலக்கினார். கீழே அவர்களுடைய கார் நின்றது.

"இத ஏன்ணே இன்னும் வெட்டல?"

"வெட்டத்தான் இருந்தேன் தங்கச்சி. ஒருக்கா நட்ட நடு ரோட்ல கொட்டற மழையில நின்னுட்டிருந்தேன். கையில துருப்பிடிச்ச கதவு ஒண்ணு. எவன் ஏத்துவான்? உன் வீட்டுக்காரர் நிறுத்தி, கதவ வண்டிக்கு மேல கட்டி, என்னையும் ஏத்திக்கிட்டாரு. கட்டரத் தூக்கிட்டு இதுகிட்ட வந்தாலே அந்த மழை ஞாபகம் வந்துடுது. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன், நாலு வருஷம் ஓடிப்போச்சு."

இன்ஜினைக் கியர்பாக்ஸோடு கழற்றிக் கொடுத்தார். டாஷ்போர்டையும் சும்மா கொடுத்தார்.

வீட்டுக்குப் பின்னால், விறகு போட்டு வைக்கிற சாய்ப்பில் வேலை பதினோரு நாள் நடந்தது. தரையில் கான்கிரீட் போட்டு, லாரி சேஸிஸ் துண்டு ஒன்றைப் பதித்து, அதன்மேல் இன்ஜினை உட்கார வைத்தாள். அதிர்வு தாங்க அடியில் டயர் ரப்பர். புகை கணவரின் பக்கம் வரவே கூடாது என்பதால் வேனின் சைலன்சருக்கு மேல் குழாய்க்குமேல் குழாய் பற்றவைத்துக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட்டாள். லாரி டைனமோவின் வயிற்றைப் பிரித்து, வீட்டுக்கு ஏற்ற மின்சாரம் தரும்படி காயிலை முழுதாகத் திருப்பிக் கட்டினாள். அதற்கு மட்டும் மூன்று நாள்; விரல் நுனியெல்லாம் வார்னிஷ் காய்ந்து, சாப்பிடும்போது எதைத் தொட்டாலும் அதே வாசனை. இன்ஜினின் முன்பக்கப் புல்லி விரிசல் விட்டிருந்ததால் அங்கே பெல்ட் மாட்ட முடியவில்லை. சரி என்று பின்பக்கம் போய், கியர்பாக்ஸின் வாலில் டைனமோவை இணைத்தாள். அதனால் கியர் போட்டால்தான் டைனமோ சுற்றும், நியூட்ரலில் சுற்றாது. மூன்றாவது கியரில் வோல்டேஜ் சரியாக வந்தது. வேகம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் ஆக்ஸிஜன் பெட்டி கத்தியது. வேகத்தை அளக்க ஒரு கருவி வேண்டுமே என்று யோசித்தவள், காரின் மீட்டர் கேபிளையே கியர்பாக்ஸில் மாட்டினாள். முள் நாற்பத்திரண்டில் நின்றால் வோல்டேஜ் பிசகவில்லை. டாஷ்போர்டைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அடித்து, ஆக்ஸிலேட்டர் கம்பியைச் சுவரில் ஓட்டை போட்டு இழுத்து, ஒரு குமிழோடு கணவரின் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

"சும்மாதான படுத்திருக்கீங்க. முள்ளு நாப்பத்திரண்ட விட்டு அசையாமப் பாத்துக்குங்க."

"இருவத்திரண்டு வருஷம் கழிச்சு எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றா பாரு" என்றார் கணவர். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் குமிழைப் பிடித்து ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மின்சாரம் போனதும் ஓடவிட்டாள். வீடு புறப்பட்டது. மின்சாரம் வந்து இன்ஜினை அணைத்ததும் ஜன்னலில் எதிர்வீட்டு மதில் பழையபடி வந்து நின்றது. அவள் சாயங்காலமே இரும்புக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னாள்.

"கியர்ல போட்டுத்தான ஓட்டின?" என்று கேட்டார் அவர்.

"ஆமா."

"மீட்டர் கேபிள் மாட்டியிருக்கியா?"

"ஆமாண்ணே."

"ஆக்ஸிலேட்டர் யாரு கையில?"

"அவர் கையில."

"கியர் விழுந்திருக்கு, மீட்டர் ஓடுது, அவரே ஓட்டறாரு. அந்த இன்ஜின் வேற என்னம்மா நெனைக்கும்?" என்றார் அவர், ஒரு பம்பரை எடை போட்டபடி.

தப்பு அவளுடையதுதான். வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் தனியாக ஒரு வோல்ட் மீட்டர் வைத்து வேலையை முடித்திருப்பார். கேபிளைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். கழற்றவில்லை. நாலு வருடமாக ஒரே மதிலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், அன்று மத்தியானம் முழுக்க எது எந்த ஊர், எந்த வளைவில் டீ நன்றாயிருக்கும் என்று பேசிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு மின்வெட்டு நேரமெல்லாம் அவர்களுக்குப் பயண நேரமாயிற்று. இன்ஜின் தான் ஓடிய சாலைகளிலேதான் ஓடியது, அதுவும் தான் ஓடிய காலத்திலேயே; ஆனால் எதற்குப் பின் எது என்ற ஒழுங்கு இல்லை. முன்கதவு சாலையில் திறந்தது, பின்கதவு எப்போதும்போல் கொல்லையில். ஆகவே வருகிறவர்கள் பின்பக்கமாக வந்தார்கள். மலைப்பாதையில் போன நாளில் துவைத்துப் போட்ட துணி காயவில்லை. கடலோரம் போன நாளில் ஜன்னல் கம்பியில் உப்புப் பூத்தது. வேறு வேறு ஊர்ச் செம்மண்ணும் கரிசலும் கூடத்தில் படிய, அவள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பெருக்கினாள். நாத்தனார் முதல் வாரம் தலை சுற்றுகிறது என்றார். இரண்டாவது வாரம், "கடல் வந்தா ஒரு குரல் குடு, வெங்காயத்த அங்க வந்து உரிச்சுக்கறேன்" என்றார்.

சண்டை வந்தது கை நீட்டியவர்களால். சாலையோரம் ஆட்கள் நின்றார்கள். வீட்டைப் பார்த்தும் கை காட்டினார்கள். அவருடைய கால் போர்வைக்குள் தானாக அழுந்தியது.

"நிறுத்து."

"நிறுத்த முடியாது. நியூட்ரல் போட்டா டைனமோ நிக்கும். டைனமோ நின்னா மெஷின் நிக்கும். மெஷின் நின்னா?"

"ஒரு பொம்பள, இடுப்புல கொழந்தையோட நிக்கறா. கண்ணு தெரியலையா உனக்கு?"

"இவங்கல்லாம் இருவது வருஷத்துக்கு முன்னாடி கை காட்டினவங்க. நீங்க அப்பவே ஏத்திட்டுப் போய் விட்டாச்சு."

"அது அந்த ட்ரிப்பு" என்றார் கணவர். "இது வேற ட்ரிப்பு."

அவள் நிறுத்தவில்லை. மூன்று நாள் கழித்து அவர் ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னார். கை நீட்டியவர்களைத் தாண்டிப் போவதைப் பார்ப்பதைவிட மதிலைப் பார்ப்பதே மேல் என்றார். சாப்பாடு பாதி தட்டிலேயே இருந்தது. அவள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி இரும்புக் கடைக்குப் போய்க் கவிழ்ந்த டயரில் உட்கார்ந்து, ஓர் ஆம்புலன்ஸின் கதையையும் ஓர் ஐஸ் வண்டியின் கதையையும் கேட்டு, இரண்டு பழைய பேட்டரிகளை வாங்கி வந்தாள். ஓர் இன்வெர்ட்டரில் அவற்றை மாட்டிப் பெட்டியை ஓட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடம் தாங்கின. ஓர் ஆளை ஏற்றி, ஓர் ஆளை இறக்க அது போதும்.

அதிலிருந்து வீடு நின்று நின்று போனது. தலையில் தையல் மெஷினோடு ஒருத்தி ஏறினாள். ஒரே சைக்கிளில் போய்ப் பஞ்சராகி நின்ற அண்ணன் தம்பி மூவர் சைக்கிளோடு ஏறினார்கள். பரீட்சைக்கு நேரமாகிவிட்டதென்று அழுத ஒருத்தியை இறக்கிவிட்டபோது, அவள் ஓடிக்கொண்டே திரும்பிக் கும்பிட்டாள். முன்னறை பெஞ்சில் உட்கார்ந்ததும் எல்லாரும் ஒரு தடவை சுற்றிப் பார்த்து, "இது வீடா, வண்டியா?" என்பார்கள். "எங்க எறங்கணும், அதச் சொல்லுங்க" என்பார் கணவர் உள்ளிருந்து. இறங்கும்போது ஒவ்வொருவரும் கட்டில்வரை வந்து, "நல்லா இருக்கணும் நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் தட்டில் சாப்பாடு மிச்சம் வைப்பது நின்றது.

அந்த வருடக் கடைசியில் புயல் வந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, டிரான்ஸ்பார்மர் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. எட்டு நாள் ஆகும் என்றார்கள். ஆற்றுப்பாலம் போனதால் பெட்ரோல் வரவில்லை, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், சிலிண்டர் கொடுக்கிறவர் பாலத்துக்கு அந்தப் பக்கம். முதல் நாள் முடிவிலேயே அவளிடம் இருந்த பெட்ரோல் தீர்ந்தது. இரண்டாம் நாள் விடிந்ததும் நாத்தனார் தன் மகனின் ஸ்கூட்டரிலிருந்து உறிஞ்சிய ஒரு பாட்டிலை, ஒன்றும் பேசாமல், பின்படியில் வைத்துவிட்டுப் போனார். அவர் பேசாமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிறகு தெருவே வந்தது. ஒரு சொம்பில், ஒரு பால்பாத்திரத்தில், ஒருவர் சிரிஞ்சு அளவு மிச்சத்தைக் கண்ணாடி டம்ளரில். மழையில் நனைந்துகொண்டு படியில் நின்ற ஒவ்வொருவரையும் அவள் கும்பிட்டுக் கும்பிட்டு வாங்கி ஊற்றினாள். தெருவில் ஒரு வண்டியிலும் ஒரு சொட்டு இல்லை என்றானபோது நாலாம் நாள் மத்தியானம்.

டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தாள். நுனி மட்டும் நனைந்தது. இன்ஜின் தானாக நின்றுவிட்டால் சாலை போய்விடும். வெள்ளம் நிற்கிற தெருதான் மிஞ்சும், அங்கே பெட்ரோல் கிடையாது. இப்போதே நியூட்ரலில் போட்டால் இன்ஜின் ஒரு கால் மணி முனகிக்கொண்டிருக்கும், அதுவரை சாலையும் இருக்கும். பெட்டிக்குப் பேட்டரி பன்னிரண்டு நிமிடம்.

"இது எந்த ரோடுங்க? பங்க் ஏதாச்சும் வருமா?"

கணவர் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தூசி, மரமே இல்லாத சாலை. "குவாரி ரோடு. இருவது கிலோமீட்டருக்கு ஒண்ணும் கெடையாது" என்றார். பிறகு, "எறங்கிக் கையக் காட்டு" என்றார்.

"இந்த ரோட்ல எவன் நிறுத்துவான்?"

"நிறுத்து வண்டிய. போய்க் கையக் காட்டு."

அவள் நியூட்ரலில் போட்டு, ஐந்து லிட்டர் கேனோடு முன்கதவைத் திறந்து வெயிலில் இறங்கினாள். முதலில் ஒரு லாரி வந்தது. கையை நீட்டினாள். அது அவள் முகத்தில் தூசியை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. அடுத்து ஒரு ஜீப். ஓட்டியவன் அவளைப் பார்த்தான், வேகத்தைக் கூட்டினான். கை நீட்டி நிற்கிறவர்களுக்கு ஒரு வண்டி எவ்வளவு பெரிதாக வந்து எவ்வளவு சின்னதாகப் போகிறது என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. ஏழு நிமிடம் போயிருந்தது. உள்ளே இன்வெர்ட்டர் விட்டு விட்டுக் கூவ ஆரம்பித்தது.

அப்போது தன் வீட்டு இன்ஜினின் சத்தம் இரண்டாகக் கேட்டது. ஒன்று முதுகுக்குப் பின்னால், சாய்ப்பில். இன்னொன்று வலது பக்கம், சாலையில். இரண்டாவது சிலிண்டரில் அதே டிக் டிக். இன்ஜின்களைக் காதால் அடையாளம் காண்கிறவள் அவள். திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் கை முழுதாக உயர்வதற்குள் கார் நின்றுவிட்டது.

கண்ணாடி இறங்கியிருந்தது. முழங்கை வெளியே. தலைமுடி கறுப்பு, புருவம் மட்டும் தூசியில் வெள்ளை. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும்.

"என்னம்மா, நடு வெயில்ல நிக்கறீங்க?"

"பெட்ரோல் தீந்துபோச்சு. உள்ள என் வீட்டுக்காரர் மெஷின் வச்சு மூச்சு விட்டுட்டிருக்கார். இன்னும் அஞ்சு நிமிஷம்கூட இல்ல."

அவர் வீட்டை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். சாலையில் நிற்கிற எதைக் கண்டும் வியப்பதில்லை என்பது டிரைவர்களின் பழக்கம். "கேனைக் குடுங்க" என்றார். டிக்கியிலிருந்து குழாயை எடுத்து, டேங்கில் விட்டு, வாயால் உறிஞ்சி, துப்பிவிட்டுக் கேனில் சொருகினார். பெட்ரோல் சளசளவென்று இறங்கியது.

"போதும், உங்களுக்கு வேணாமா?"

"எறக்கத்துல நியூட்ரல்லயே போயிடுவேன். நம்ம வண்டி சொன்ன பேச்சு கேக்கும்." சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமலை அவளுக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு சின்னதாக இருந்தபோது அதைக் கவனிக்காமல் விட்டிருந்தாள்.

"கண்ணாடிய ஏத்திக்கிட்டு ஓட்டுங்க" என்றாள். "மூஞ்சிக்குத் துணியாவது கட்டிக்குங்க."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "என் வீட்டுக்காரியும் தெனம் இதத்தான் சொல்றா."

"சொன்னா கேக்க வேண்டியதுதான?"

"கண்ணாடிய ஏத்திட்டா, ரோட்ல நிக்கறவங்க கூப்பிடறது காதுல விழாதும்மா."

கேன் நிரம்பிவிட்டது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு ஓடினாள், நின்றாள், திரும்பினாள். கட்டின கணவனிடம் எந்த மனைவியும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வார்த்தை உண்டு. அவளும் அத்தனை வருடத்தில் சொன்னதில்லை. "நன்றிங்க" என்றாள். "ரொம்ப நன்றி."

"இதுக்கெல்லாம் போயி! ஓடுங்க, ஓடுங்க, அவரப் பாருங்க" என்றார் அவர்.

பழைய பேட்டரிகள் பன்னிரண்டு நிமிடத்துக்கு முன்பே தீர்ந்து, பெட்டி நின்றிருந்தது. கணவரின் உதட்டோரம் நீலம் ஏறியிருந்தது. அவள் ஊற்றினாள், கிளட்ச்சை மிதித்தாள், மூன்றாவதில் போட்டாள். குமிழைத் தானே திருகி முள்ளை நாற்பத்திரண்டில் நிறுத்தினாள். உர் உர் என்ற சத்தம் திரும்பி வந்தது. நீலம் வந்த வழியே மெல்ல இறங்கிப் போயிற்று. பேச மூச்சு வர அவருக்குப் பத்து நிமிடம் ஆனது.

"யாரு நிறுத்தினது?"

"ஒரு டாக்சிக்காரர்."

"ஆளு எப்படி?"

"சொன்ன பேச்சு கேக்காத ஆளு. ஆனா நல்ல மனுஷன்."

"அந்த ரோட்ல எவனும் நிறுத்த மாட்டான். அப்பல்லாம் நான் ஒருத்தன்தான்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். தூசியில் இரண்டு கோடுகள் கன்னத்தில் இறங்கியிருந்தன.

"முன் கண்ணாடியத் தொடச்சு வச்சிருந்தானா?" என்று கேட்டார்.

"இல்ல. ஒரே அழுக்கு."

"சோம்பேறிப் பய" என்றார் கணவர்.

அந்த ஐந்து லிட்டர், மின்சாரம் வரும்வரை இன்னும் நான்கு நாளைக்கு வந்தது. குச்சியை விட்டுப் பார்த்தபோதெல்லாம் பாதிக்குச் சற்று மேலேயே நனைந்தது. பிறகு இதைக் கேட்ட இரும்புக் கடைக்காரர், அந்தக் காலத்துப் பெட்ரோலில் கலப்படம் கிடையாது என்று காரணம் சொன்னார். தெருவில் பாட்டிலும் சொம்பும் கொண்டுவந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் டைனமோக்காரி ஒவ்வொரு நாளாகப் போய், அவர்களுடைய மிக்ஸியையும் மின்விசிறியையும் தண்ணீர் மோட்டாரையும் கேட்டு வாங்கி, காயில் கட்டிக் கொடுத்தாள். நாத்தனார் வீட்டில் ரிப்பேராக ஒன்றும் இல்லை என்றதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பிரித்துத் திருப்பிக் கட்டினாள். நாத்தனார் அதற்கும் திட்டினார்.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. கணவருக்கு இன்னும் அந்தப் பெட்டிதான் மூச்சு. அடுத்த மழைக்காலத்தைப் பார்ப்பாரா என்று சந்தேகப்பட்ட டாக்டர் ஓய்வுபெற்று, ஒரு தடவை கடல் பார்க்கப் பின்வழியாக வந்துபோனார். மின்வெட்டு இப்போது அநேகமாக இல்லை. என்றாலும் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டைனமோக்காரி மெயின் சுவிட்சைத் தானே இறக்கிவிட்டு இன்ஜினை ஓடவிடுகிறாள். பேட்டரி இரண்டு இருந்த இடத்தில் இப்போது எட்டு இருக்கிறது. வீடு முக்கால் மணி வரை ஒரே இடத்தில் நிற்கலாம். நிறுத்து என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருக்கின்றன, அவளுக்கும் காது அந்தப் பக்கமே இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் கிளட்ச்சை மிதித்து, நியூட்ரலில் போட்டு, முன்கதவைத் திறக்கிறாள். வாசற்படியைக் கண்டதும் வருகிறவர்கள் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக விடப் பார்ப்பார்கள்.

"செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஏறுங்க" என்பாள். "விட்டுட்டு ஏறினா அப்புறம் கெடைக்காது. வீடு போயிட்டே இருக்கும்."